பெயரில் நிலம், நிலமோ பிறர் கையில்!

பெயர் சோறு போடுமா? நார்வே நாட்டு மக்களுக்குக் குடும்பப் பெயர்கள் எப்படி வந்தன என்பதுதான் இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் என்றால், பகலெல்லாம் பாடுபட்டுவிட்டு வந்து பத்திரிகையை விரிக்கும் தோழர் இப்படித்தான் கேட்பார்.

சோறு போடாது, தோழரே! ஆனால் சோறு எங்கே விளைந்தது, விளைவித்தவன் யார், விளைந்ததை அள்ளிக்கொண்டு போனவன் யார் என்பதை அது காட்டிக் கொடுக்கும். நார்வேக்காரனின் பெயர் ஒரு பட்டாவைப் போன்றது. படிக்கத் தெரிந்தால் நிலத்தின் அமைப்புத் தெரியும். இன்னும் உற்றுப் பார்த்தால் அந்த நிலம் யாருடைய உடைமையாக இருந்தது என்பதும் தெரியும்.

தகப்பன் பெயரும் தரையின் பெயரும்

நார்வேக்காரர் இருவரை நம் மக்கள் நன்றாக அறிவார்கள். ஒருவர் எரிக் சொல்ஹெய்ம். 2002ஆம் ஆண்டு பிப்ரவரியில் இலங்கை அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட நடுநின்று பாடுபட்டவர். மற்றவர் மாக்னஸ் கார்ல்சன். 2013ஆம் ஆண்டு நவம்பரில் சென்னைக்கு வந்து, சதுரங்கத்தில் விஸ்வநாதன் ஆனந்தை வென்று உலகப் பட்டத்தை எடுத்துச் சென்றவர்.

இந்த இருவர் பெயரிலேயே அந்நாட்டின் இரண்டு பெயர் மரபுகளும் அடங்கிவிடுகின்றன. கார்ல்சன் என்றால் கார்லின் மகன். சொல்ஹெய்ம் என்றால் ஞாயிற்றின் இல்லம். 'சொல்' ஞாயிறு, 'ஹெய்ம்' இல்லம். ஒன்று தகப்பனைச் சொல்லுகிறது. மற்றொன்று தரையைச் சொல்லுகிறது.

தகப்பன் பெயர் மரபு நமக்குப் புதிதல்ல. நாம் தகப்பன் பெயரின் முதலெழுத்தை நம் பெயருக்கு முன்னே வைக்கிறோம். அவர்கள் முழுப் பெயரையும் பின்னே வைத்தார்கள். ஹான்ஸின் மகன் ஓலா, 'ஓலா ஹான்சன்' ஆனான். அந்த ஓலாவுக்கு மகள் பிறந்தால் அவள் 'ஓல்ஸ்டாட்டர்', அதாவது ஓலாவின் மகள். தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிக்கொண்டே போகும். சாலைத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கி, 1945ஆம் ஆண்டுக்கும் 1965ஆம் ஆண்டுக்கும் இடையே மும்முறை நார்வேயின் பிரதமராக அமர்ந்தவர் ஐனார் கெர்ஹார்ட்சன். அவருடைய தந்தையின் பெயர் கெர்ஹார்ட் ஓல்சன். தந்தை ஓல்சன், மகன் கெர்ஹார்ட்சன்! இருபதாம் நூற்றாண்டின் தொழிலாளர் தலைவர் பெயரிலும் பழைய வழக்கம் உயிரோடு இருந்தது.

ஆனால் ஒரு சிக்கல். ஒரே வட்டாரத்தில் பத்து ஓலா ஹான்சன்கள் இருந்தால் யாரென்று சொல்வது? அங்கேதான் நிலம் வந்து நின்றது.

பண்ணையே முகவரி

நார்வேயின் நிலப்பரப்பில் பயிர் செய்யக் கூடியது நூற்றுக்கு மூன்று பங்கு அளவே. மற்றதெல்லாம் மலை, காடு, சதுப்பு, பனி. மலையைக் குடைந்துகொண்டு உள்ளே வரும் கடற்கால்களை அவர்கள் 'ஃபியோர்ட்' என்பார்கள். அந்தக் கடற்காலின் ஓரத்தில் ஒரு துண்டு மண், பள்ளத்தாக்கின் மடியில் ஒரு துண்டு மண், மலைச்சாரலில் தொற்றிக்கொண்டிருக்கும் ஒரு துண்டு மண். இந்தத் துண்டுகளில்தான் குடியானவன் குடியேறினான். நம் நாட்டில் போல வீடுகள் தோளோடு தோள் உரசி நிற்கும் ஊர்கள் அங்கே அரிது. இங்கொரு பண்ணை, அங்கொரு பண்ணை எனச் சிதறிக் கிடக்கும். ஆகவே பண்ணைதான் முகவரி. ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு பெயர்.

என்ன பெயர்? கண்ணில் பட்டது எதுவோ அதுவே பெயர்! மேட்டில் இருந்தால் 'ஹாவ்க்'. சரிவில் இருந்தால் 'பாக்கெ'. பள்ளத்தாக்கு 'டால்'. பாறைக் குன்று 'பெர்க்'. தோப்பு 'லுண்ட்'. கரை உள்வாங்கி வளைந்த இடம் 'வீக்'. கடலுக்குள் நீட்டிய முனை 'நேஸ்'. கடற்கரை 'ஸ்ட்ராண்ட்'. இரு கரைக்கு நடுவே ஓடும் இடுக்கு நீர் 'சுண்ட்'. அருவி 'ஃபொஸ்'. சதுப்பு 'மீர்'. மணற்பாங்கான சமநிலம் 'மூ'. இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு நடுவே, படகை இழுத்துக்கொண்டு கடக்கும் நில இடுக்கு 'எய்ட்'. லோஃபோட்டன் தீவுகளில் ஓர் ஊர் இருக்கிறது. பெயர் ஒரே எழுத்து, 'ஓ'. ஓடை என்று பொருள். இதைவிடச் சிக்கனமாக ஓர் ஊருக்குப் பெயர் வைக்க யாரால் முடியும்?

ஐக்கிய நாடுகள் சபையின் முதல் பொதுச் செயலாளர் யார்? 1946ஆம் ஆண்டு முதல் 1952 வரை அப்பதவியில் இருந்த டிரிக்வி லீ. நார்வேயின் தொழிலாளர் கட்சிக்காரர். 'லீ' என்றால் மலைச்சாரல். உலக நாடுகளெல்லாம் கூடிய மன்றத்தின் தலைவாயிலில் ஒரு குடியானவன் கண்ட மலைச்சாரல் நின்றது!

மேடு, சரிவு, கழி, முனை என்று பெயரிட்டவர்கள் யார்? அரண்மனைப் புலவர்களா? இல்லை. ஏர் பிடித்தவன், வலை இழுத்தவன், ஆடு மேய்த்தவன். மழையில் எந்தச் சரிவு வழுக்கும், புயலில் எந்தக் கழி படகைக் காக்கும் என்று அறிந்திருந்தால்தான் அவனால் பிழைக்க முடியும். அந்த அறிவைத்தான் அவன் பெயராக்கி வைத்தான். நாட்டின் பெயரும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். 'நார்வே' என்பதற்கு 'வடக்கு வழி' என்று பெரும்பாலான அறிஞர்கள் பொருள் கூறுகிறார்கள். வடதிசை நோக்கிக் கப்பல் ஓட்டியவர்களின் கடல்வழி அது.

கோடரியும் கொள்ளை நோயும்

நிலம் எப்படி இருந்தது என்பதோடு பெயர் நிற்கவில்லை. நிலத்தில் மனிதன் என்ன செய்தான் என்பதையும் அது சொல்லுகிறது. கிழக்கு நார்வேயில் 'ரூட்' என்று முடியும் பண்ணைப் பெயர்கள் எங்கும் உண்டு. காடு வெட்டித் திருத்திய நிலம் என்பது அதன் பொருள். பல இடங்களில் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் ஆள் பெயர் நிற்கிறது. காட்டை வெட்டி முதல் ஏர் பூட்டியவனின் பெயராக அது இருக்கும். 'குன்னார்ஸ்ரூட்' என்றால் குன்னார் என்பவன் திருத்திய நிலம். அவனுக்குக் கல்வெட்டு இல்லை, சிலை இல்லை. ஆனால் பல நூறு ஆண்டு கடந்தும் அவன் கோடரியின் ஓசை அந்தப் பெயரில் கேட்கிறது.

இன்னொரு பெயர்; கேட்டால் நெஞ்சு கனக்கும். கால்பந்து வீரர் மார்ட்டின் ஓடெகார்ட் பெயரை இளைஞர்கள் அறிவார்கள். 'ஓடெ' என்றால் பாழ். 'கார்ட்' என்றால் பண்ணை. பாழ்பட்ட பண்ணை! 1349ஆம் ஆண்டில் 'கறுப்புச் சாவு' என்னும் கொள்ளை நோய் நார்வேயில் புகுந்தது. மக்களில் பாதிப் பேருக்குக் குறையாமல் மடிந்தனர் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. உழுவதற்கு ஆளில்லை. அறுப்பதற்கு ஆளில்லை. பண்ணை பண்ணையாகப் பாழாயிற்று. வயலில் மீண்டும் காடு மண்டியது. தலைமுறைகள் கடந்து வந்தவர்கள் அந்தப் பாழ்நிலங்களில் மீண்டும் ஏர் பூட்டினார்கள். பழைய பெயரைச் சொல்ல ஆள் இல்லாத இடங்களைப் 'பாழ்ப்பண்ணை' என்றே அழைத்தார்கள். அந்த அவலம் ஒரு குடும்பப் பெயராகி, இன்று விளையாட்டு வீரனின் சட்டை முதுகில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆள் மாறவில்லை, பெயர் மாறியது

இந்தப் பண்ணைப் பெயர் ஒருவனுக்கு எப்படி வந்து ஒட்டியது? ஓலா ஹான்சன் 'பாக்கெ' பண்ணையில் இருந்தால் அவன் ஓலா ஹான்சன் பாக்கெ. அடுத்த ஆண்டு 'லுண்ட்' பண்ணைக்குக் குடிபெயர்ந்தால் ஓலா ஹான்சன் லுண்ட். ஆள் அதே ஆள். பெயர் மட்டும் மாறிவிடும். அண்ணன் ஒரு பண்ணையில், தம்பி ஒரு பண்ணையில் என்றால் அண்ணனுக்கும் தம்பிக்கும் கடைசிப் பெயர் வேறு வேறு. பெண் வழியாகப் பண்ணை வந்து, மாப்பிள்ளை அங்கே குடியேறினால், அவனுக்கும் பெண்டாட்டி வீட்டுப் பண்ணைப் பெயர்தான்.

நிலம் மனிதனுக்குச் சொந்தமா, மனிதன் நிலத்துக்குச் சொந்தமா என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? சொந்த நிலம் உள்ளவனுக்கு இது பெருமை. நிலமே இல்லாதவனுக்கு? அங்கேதான், தோழர்களே, கதையின் மறுபக்கம் இருக்கிறது.

மூன்றெழுத்துக் கதை

'ஹுஸ்மன்' என்று ஒரு வகுப்பார் நார்வேயில் இருந்தார்கள். பண்ணைக்காரனின் நிலத்தின் ஓரத்தில் ஒரு குடிசையும், சிறு துண்டு நிலமும் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகப் பண்ணையில் உழைத்துக் கொடுக்க வேண்டியவர்கள். நம் பண்ணையாள் நிலைமையை நினைத்துக்கொண்டால் போதும், விளக்கம் வேண்டாம். 1855ஆம் ஆண்டுக் கணக்கில் நிலத்துண்டு பெற்ற ஹுஸ்மன்கள் மட்டுமே சுமார் 65,000 பேர். அவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும் சேர்த்தால் அது ஒரு பெருங்கூட்டம்.

அந்தப் பண்ணையாளையும் ஊரார் பண்ணைப் பெயராலேயே அழைத்தார்கள். 'பெர்க்' பண்ணையின் முதலாளியும் பெர்க். அவன் நிலத்தில் முதுகு ஒடிய உழைத்தவனும் பெர்க். ஆகா, என்ன சமத்துவம் என்று வியந்துவிடாதீர்கள்! பாதிரியாரின் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். ஞானஸ்நானம், திருமணம், சாவு மூன்றையும் எழுதி வைத்த அந்த ஏட்டில், பண்ணையாள் வீட்டுப் பிள்ளை பிறந்தால் பண்ணைப் பெயரோடு இன்னொரு சொல்லைச் சேர்த்து எழுதினார்கள். 'ஈ', 'ஐ', 'ஈ' என்னும் மூன்று ரோமன் எழுத்துகளால் ஆன சின்னஞ்சிறு சொல். பொருள், 'உடைமை'. அதாவது இந்தக் குழந்தை பெர்க் பண்ணையில் பிறக்கவில்லை. பெர்க் பண்ணைக்கு உடைமையான குடிசை நிலத்தில் பிறந்தது! தொட்டிலில் கிடக்கும் பிள்ளை கண் திறப்பதற்கு முன்பே, அது எந்த வகுப்பு என்று மூன்றே எழுத்தில் எழுதியாகிவிட்டது.

பெயரின் வாலிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். 'ஹாவ்க்' என்றால் மேடு. 'ஹாவ்கன்' என்றால் 'அந்த மேடு'. பழைய பெரும் பண்ணைகளுக்கு வெறும் பெயரே போதும். பிற்காலத்தில் பிரிந்த சிறு நிலங்களுக்கும் பண்ணையாள் குடிசைகளுக்கும்தான் 'அந்த' என்று சுட்டும் வால் பெரும்பாலும் ஒட்டியது. இன்று நார்வேயில் நிலத்தைக் குறிக்கும் குடும்பப் பெயர்களில் முன்வரிசையில் நிற்பவை பெர்க், ஹாவ்கன், ஹாகன் ஆகியவை. வேலியிட்ட மேய்ச்சல் நிலம்தான் ஹாகன். இந்த மூன்றில் இரண்டில் அந்த வால் இருப்பதைக் கவனியுங்கள். ஊரின் ஓரத்தில் ஒதுக்கி வைத்திருந்தவர்களின் பெயர் இன்று நாட்டின் நடுவில் நிற்கிறது.

அவர்கள் சும்மாவும் இருந்துவிடவில்லை. 1848ஆம் ஆண்டின் இறுதியில் மார்க்கஸ் திரானே என்னும் பத்திரிகையாளர் தொழிலாளர் சங்கங்களைக் கட்டத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் சுமார் 30,000 பேர் திரண்டனர். அவர்களில் ஹுஸ்மன்கள் ஏராளம். எல்லோருக்கும் வாக்குரிமை வேண்டும், பண்ணையாளின் நிலை திருந்த வேண்டும் என்று 1850ஆம் ஆண்டில் அரசனுக்கு ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தார்கள். கிடைத்த பதில்? 1851ஆம் ஆண்டில் திரானே கைது! சிறைவாசம் முடிந்து, பின்னர் அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தார் அவர். ஆனால் அவர் எழுப்பிய கேள்வி சிறைக்குப் போகவில்லை. 1928ஆம் ஆண்டு நிலச் சட்டம், எஞ்சியிருந்த ஹுஸ்மன்களுக்குத் தாம் உழுத நிலத்தை விலை கொடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளும் உரிமை தந்தது. பெயரில் மட்டும் இருந்த நிலம், கைக்கு வர அத்தனை காலம் ஆயிற்று.

எழுதுகோல் செய்த வேலை

பெயரிட்டவன் உழைப்பாளி. எழுதியவன் வேறொருவன். 1380ஆம் ஆண்டு முதல் 1814 வரை நார்வே, டென்மார்க்கின் முடியோடு பிணைக்கப்பட்டுக் கிடந்தது. எழுத்தும் அலுவலும் டேனிஷ் மொழியில். குடியானவன் வாயில் ஒரு விதமாக இருந்த பெயர், குமாஸ்தாவின் ஏட்டில் வேறு விதமாக விழுந்தது. பள்ளத்தாக்கைக் குறிக்கும் 'டால்' இன்றும் பல குடும்பப் பெயர்களில் தேவையற்ற ஓர் எழுத்தைச் சுமந்துகொண்டு நிற்கிறது. டிரிக்வி லீயின் பெயரிலும் அப்படியோர் எழுத்து உண்டு.

ஊர்களோ இன்னும் மோசம். பழைய ஆஸ்லோ நகரம் 1624ஆம் ஆண்டில் தீக்கிரையானது. டென்மார்க் அரசன் நான்காம் கிறிஸ்தியான் புதிய நகரைக் கட்டித் தன் பெயரையே சூட்டிக் 'கிறிஸ்தியானியா' என்றான். ஹால்டன் என்னும் ஊரை 1665ஆம் ஆண்டில் மூன்றாம் ஃபிரெடரிக் 'ஃபிரெடரிக்ஸ்ஹால்ட்' ஆக்கினான். 1905ஆம் ஆண்டில் நார்வே தனி நாடானது. 1925ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தலைநகர் மீண்டும் ஆஸ்லோ ஆயிற்று. 1928ஆம் ஆண்டில் ஹால்டன் மீண்டும் ஹால்டன் ஆயிற்று. அரசர்கள் பெயர் அழிந்தது; மண்ணின் பெயர் எழுந்தது.

ஆனால் பழைய பெயர் என்பதற்காக எதையும் மக்கள் தலையில் கட்டிவிட முடியாது என்பதற்கும் அங்கே ஒரு பாடம் உண்டு. ட்ரோண்ட்யெம் நகருக்கு 1930ஆம் ஆண்டில் 'நிடாரோஸ்' என்னும் பண்டைப் பெயரை மீண்டும் சூட்டினார்கள். ஊர் மக்கள் கொதித்தெழுந்தார்கள். எங்களைக் கேளாமல் எங்கள் ஊருக்குப் பெயரா என்று கேட்டார்கள். அடுத்த ஆண்டே 'ட்ரோண்ட்ஹெய்ம்' என்று மாற்ற வேண்டியதாயிற்று.

பண்ணைப் பெயர்களைத் தேடித் தொகுத்த அறிஞர் ஊலுஃப் ரீக்கை இங்கே போற்ற வேண்டும். 1878ஆம் ஆண்டில், நிலவரிப் பதிவேட்டில் இருந்த பெயர்களைத் திருத்த அமைத்த குழுவில் இருந்தவர். பழைய ஆவணங்களைப் புரட்டியதோடு, உள்ளூர் மக்கள் வாயில் பெயர் எப்படி ஒலிக்கிறது என்பதையும் குறித்துக்கொண்டார். 'நார்வேப் பண்ணைப் பெயர்கள்' என்னும் தொகுதிகள் 1897ஆம் ஆண்டு முதல் வெளிவரலாயின. 1899ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னும் மற்றவர்கள் அந்தப் பணியை விடாமல் முடித்தார்கள். உழவன் நாக்குக்குச் சான்று மதிப்புக் கொடுத்த தொண்டு அது.

கப்பலேறிய பெயர்கள்

1825ஆம் ஆண்டில் ஸ்தவாங்கர் துறைமுகத்திலிருந்து ஒரு சிறு கப்பல் அமெரிக்காவுக்குப் பாய் விரித்தது. அடுத்த நூறு ஆண்டுகளில் எட்டு லட்சம் பேர் அளவுக்கு அந்த வழியே போனார்கள். நிலம் கிடைக்காதவர்கள், கடன்பட்டவர்கள், பண்ணையாள் பிள்ளைகள். மூட்டையில் கொஞ்சம் துணி. நாவில் பண்ணைப் பெயர். மண்ணை எடுத்துப் போக முடியாது. மண்ணின் பெயரை எடுத்துப் போகலாமே!

அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக 1977ஆம் ஆண்டு முதல் 1981 வரை இருந்த வால்ட்டர் மாண்டேலின் பெயர், ஃபியர்லாண்ட் பகுதியின் 'முண்டால்' என்னும் இடத்திலிருந்து போனது. உலகெங்கும் ஆடம்பர விடுதிகளின் நெற்றியில் மின்னுகிறதே 'ஹில்டன்', அதுவும் நார்வேயின் ஒரு பண்ணைப் பெயர்தான். விடுதி நிறுவனர் கான்ராட் ஹில்டனின் தந்தை அந்தப் பண்ணையிலிருந்து குடிபெயர்ந்தவர். சீமான்கள் படுத்துறங்கும் மாளிகைக்குப் பெயர் கொடுத்தது குடியானவனின் களத்துமேடு!

உள்நாட்டிலும் பெயர்கள் நகரத்துக்கு நடந்தன. ஆலை வேலைக்கு வந்தவர்களில் சிலர் தகப்பன் பெயரோடு நின்றார்கள். சிலர் பண்ணைப் பெயரைப் பிடித்துக்கொண்டார்கள். தையற்காரரின் மகன் க்னூட் பெடர்சன், தான் வளர்ந்த 'ஹாம்சுண்ட்' பண்ணையின் பெயரை எடுத்துக்கொண்டார். அச்சில் கடைசி எழுத்து விழுந்துவிட, க்னூட் ஹாம்சுன் ஆகி, 1920ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். பின்னாளில் இட்லருக்குத் துதி பாடித் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டார் என்பது வேறு கதை. தச்சுத் தொழிலாளியின் மகன் குஸ்தாவ் தோர்சன், தாத்தா வீடு இருந்த இடத்தின் பெயரைச் சூடிச் சிற்பி விகெலாண்ட் ஆனார். ஆஸ்லோவில் அவர் சிற்பங்கள் நிறைந்த பூங்கா இன்றும் நிற்கிறது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பெயரை 1923ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்திக் கட்டிப்போட்டது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலையான ஒரே பெயர் வேண்டும் என்றது. மணமான பெண்ணைக் கணவன் பெயருக்குள் அடக்கியது. அந்தக் கட்டு அவிழ, பின்வந்த சட்டங்கள் தேவைப்பட்டன. இப்போது நடப்பில் இருப்பது 2002ஆம் ஆண்டுச் சட்டம். 200 பேரோ அதற்குக் குறைவானவர்களோ தாங்கும் குடும்பப் பெயரை, அவர்கள் இசைவில்லாமல் பிறர் எடுத்துக்கொள்ள முடியாது. பெயரும் ஒரு சொத்து என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது.

பறிபோன பெயர்கள்

டேனிஷ்காரன் எங்கள் பெயரைக் கெடுத்தான் என்று குமுறிய நார்வே அரசு, தன் வீட்டுக்குள் என்ன செய்தது? வடக்கே சாமி இன மக்கள் காலங்காலமாக வாழ்கிறார்கள். கலைமான் மேய்ப்பார்கள், மீன் பிடிப்பார்கள். அவர்களும் மண்ணைப் பார்த்தே பெயர் வைத்தவர்கள். ஆறு 'யொஹ்கா', கடற்கால் 'வுவோட்னா', மலை 'வார்ரி'. அந்த மக்கள் மீது நார்வே மொழி திணிக்கப்பட்டது. 1902ஆம் ஆண்டு நிலவிற்பனைச் சட்டமும் விதிகளும், ஃபின்மார்க் பகுதியில் நார்வே மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் அறிந்தவருக்கே அரசு நிலம் விற்கப்படும் என்றன. நிலத்துக்கும் நார்வே மொழிப் பெயரே வேண்டும் என்றன. பெயரை விட்டால்தான் நிலம்! பட்ட அடியை மறந்தவன் பிறரை அடித்தான்.

1990ஆம் ஆண்டில் நிறைவேறிய இடப்பெயர்ச் சட்டம் சாமி மொழிப் பெயர்களுக்கும் சட்டத் தகுதி தந்தது. காய்வுவோட்னா என்னும் ஊரில் சாமி மொழிப் பலகை வைத்தார்கள். அதைத் துப்பாக்கியால் சுட்டுச் சல்லடையாக்கினார்கள் சிலர். தகரப் பலகைமீது ஏன் அவ்வளவு கோபம்? அதில் எழுதியிருந்தது ஊரின் பெயர் மட்டுமா? இங்கே முதலில் வாழ்ந்தவர்கள் நாங்கள் என்ற வழக்கின் சாட்சியமும் அல்லவா! 2024ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் நார்வே நாடாளுமன்றம், சாமி மக்களிடமும் க்வேன், வன ஃபின்னியர் மக்களிடமும், அவர்கள் மொழியையும் பண்பாட்டையும் நசுக்கியதற்காக மன்னிப்புக் கேட்டது.

பெயர் சோறு போடாது என்பது உண்மைதான். ஆனால் ஒருவனுடைய நிலத்தைப் பறிக்க வந்தவன், முதலில் அதன் பெயரை மாற்றிப் பார்க்கிறான். பறிகொடுத்தவன் எழுந்து நிற்கும்போது தன் பெயரையும் சேர்த்தே கேட்கிறான். காடு திருத்திய குன்னார், குடிசையில் பிறந்த பண்ணையாள் பிள்ளை, கலைமான் மேய்த்த சாமி மகன் இவர்களெல்லாம் பட்டா வாங்கிப் பெயரிட்டவர்கள் அல்லர், பாடுபட்டுப் பெயரிட்டவர்கள். நார்வேயின் ஊர்ப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். அரசர்கள் எழுதிய பெயர்கள் அழிந்த இடங்களிலும் உழைத்தவன் எழுதிய மேடும் சரிவும் சாரலும் அப்படியே நிற்கின்றன!